ஓவசியருக்குப் பக்கத்தில் ஓர் இடம்

"சேர், இங்க ஆள் இரிக்கு" என்றான் காலிதீன்.

இடுப்பளவு குழிக்குள் நின்றபடி அவன் அதைச் சொன்ன விதம், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்கு ஆள் இருக்கிறது என்று சொல்வதைப்போல இருந்தது.

வஸ்தியாம்பிள்ளை விளிம்பில் குந்தி எட்டிப் பார்த்தான். உக்கிப்போன பலகைத் துண்டு ஒன்று கிடந்தது. அதற்குக் கீழே மணலுக்குள் ஒரு பித்தளைக் காப்பு. காப்புக்குள் எலும்பு.

"பொம்புள மையத்து." காலிதீன் காப்பை விரலால் தட்டிப் பார்த்தான். "உங்கட மாமனார் காப்புப் போடுற ஆளா சேர்?"

"விசர்க்கதை கதையாத. மண்ணைத் தள்ளி மூடு. கெதியா மூடு!"

"மூடுறன். மூடிப்போட்டு?"

மூடிப்போட்டு என்ன செய்வது என்று வஸ்தியாம்பிள்ளைக்குத் தெரியாது. மாமி செத்துப்போய் வீட்டில் கிடக்கிறார். ஆறு மணிக்கு ஊரடங்கு. அதற்குள் மாமியை அடக்கம் செய்து, அழுது முடித்து, எல்லோரும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட வேண்டும். எண்பத்தாறாம் ஆண்டில் கல்முனையில் சாவது பெரிய காரியமாக இருக்கவில்லை. ஒழுங்காகப் புதைபடுவதுதான் பெரிய காரியமாக இருந்தது.

காலிதீன்கூட உண்மையில் குழிவெட்டி அல்ல. சாய்ந்தமருதில் கிணறு தோண்டுகிறவன். கோயிலுக்கு வழக்கமாகக் குழி வெட்டும் சந்தியாவைப் போன மாதத்துச் சுற்றிவளைப்பில் படையினர் பிடித்துக்கொண்டு போனார்கள். அவனுக்கு யார் குழி வெட்டினார்களோ, வெட்டினார்களோ இல்லையோ, கடவுளுக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து ஊர்க் கிறிஸ்தவர்களுக்குக் கிணற்றுக்காரன்தான் கதி.

அன்னப்பிள்ளை மாமி அன்று விடியக் காலையில், கோயில் மணி அடிக்கும் நேரத்தில் கண்ணை மூடினார். கல்முனையில் கிறிஸ்தவர்கள் ஒரு கைப்பிடிதான். அந்தக் கைப்பிடி சிந்திப்போகாமல் பிடித்து வைத்திருப்பது நான் அல்ல, அன்னப்பிள்ளையம்மாதான் என்று பங்குச் சுவாமியே பிரசங்கத்தில் சொல்வார். பீடத்து விரிப்புகளைத் தோய்த்துக் கஞ்சி போடுவது, சாகக் கிடக்கிறவர்களின் தலைமாட்டில் செபமாலை சொல்வது, சண்டை பிடித்துக்கொண்டு பூசைக்கு வராமல் விட்ட புருசன் பெண்சாதியைத் திட்டித் திட்டியே கூட்டி வருவது எல்லாம் மாமியின் வேலைகள். சூறாவளி அடித்து ஊர் முழுக்கக் கூரையில்லாமல் கிடந்தபோது, கோயில் வளவில் அடுப்பு மூட்டி, தமிழர் முஸ்லிம் என்று பாராமல் கஞ்சி ஊற்றியவரும் அவர்தான். ஆறு பிள்ளை பெற்று, இரண்டைப் புதைத்து, நாலை ஆளாக்கினார். இதற்கெல்லாம் அவர் யாரிடமும் ஒன்றும் கேட்டதில்லை.

கடைசிக் கிழமையில்தான் ஒன்றே ஒன்று கேட்டார். அதையும் பெற்ற பிள்ளைகளிடம் கேட்கவில்லை. வஸ்தியாம்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"மகன், சேமக்காலையில மாமாட குருசு நிக்கிதெல்லோ. அந்தக் குருசடியில என்னை வையுங்க. வேற எங்கயும் வெச்சிராதீங்க. ஆரு என்ன சொன்னாலும் கேக்காதீங்க."

"ஓம் மாமி."

"சத்தியம் பண்ணுங்க."

செபமாலையில் கையை வைத்துச் சத்தியம் பண்ணினான். ஆனால் அந்தக் குருசுக்கடியில் மாமனார் இருக்கிறாரா என்பது அவனுக்கே தெரியாது.

மாமனார் கபிரியேல் நீர்ப்பாசனக் கந்தோரில் ஓவசியராக இருந்தவர். மகா கண்டிப்பான மனுசன். அவருடைய வீட்டில் அவருடைய சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கேட்டதில்லை என்று ஊர் பெருமையாகச் சொல்லும். ஞாயிறு பூசைக்கு அவர் முன்னால் நடப்பார், மாமி நாலு அடி பின்னால் நடப்பார். நாற்பது வருசமாக அந்த நாலு அடி கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. ஓவசியர் செத்தபோது மாமி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அழக்கூட ஏலாத துக்கம் என்று ஊர் உருகியது.

இரண்டு வருசம் கழித்து, எழுபத்தெட்டில், சூறாவளி வந்தது. கோயிலின் இடுகாடான சேமக்காலை கடலோரம். காற்று மதிலைத் தள்ளி, குருசுகளையெல்லாம் பிடுங்கி, மண்மேடுகளை வழித்துத் துடைத்துவிட்டுப் போனது. சுவாமி இளைஞர்களைக் கூப்பிட்டு, அவரவர் குடும்பத்துக் குருசை அவரவர் தேடி நடுங்கள் என்றார். புது மாப்பிள்ளையான வஸ்தியாம்பிள்ளை ஓவசியரின் குருசை ஒரு தாழம்புதருக்குள் கண்டுபிடித்தான். கண்டுபிடித்து என்ன பிரயோசனம்? எங்கே பார்த்தாலும் ஒரே மணல். ஒரு குத்துமதிப்பில் ஓரிடத்தில் நட்டான்.

அதை அப்படியே சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். புது மாப்பிள்ளை அல்லவா?

"மாமாட இடம் எனக்கு நல்லாத் தெரியும். அடையாளம் வெச்சிருந்தன்" என்று வீட்டில் அடித்துவிட்டான்.

மனைவி பிலோமினா அழுதுகொண்டே அவனைக் கும்பிட்டாள். மாமி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஒரு வருசம் அவன் சேமக்காலைப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை.

மாமியோ ஒரு ஞாயிறு தவறவில்லை. பூசை முடிந்ததும் மெழுகுதிரியுடன் குருசடிக்குப் போனால், ஒரு மணித்தியாலம் கடலைப் பார்த்தபடி இருந்துவிட்டு, முகம் தெளிந்து திரும்பி வருவார். கலியாணப் பூசைகளில் சுவாமி அதையே உதாரணம் காட்டுவார். "செத்த புருசனுக்கும் சேவகம் செய்யிற அன்னப்பிள்ளையம்மாவைப் பாருங்க" என்பார். கேட்டுக்கொண்டிருக்கும் வஸ்தியாம்பிள்ளைக்கு வேர்க்கும். பிந்திய வருசங்களில் மாமிக்கு நடக்க ஏலாமல் போனபோது சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவான். ஆனால் வாசல் படலைக்கு வெளியிலேயே நின்றுவிடுவான். யாரோ முன்பின் தெரியாதவனுக்கு மாமியை எட்டு வருசமாக மெழுகுதிரி கொளுத்த வைத்த பாவி தான் என்ற நினைப்பு அவனைத் தின்றது.

இப்போது குருசுக்கு வலப்பக்கத்தில் காப்புப் போட்ட பெண் கிடக்கிறாள்.

"இடப்பக்கம் தோண்டு" என்றான்.

காலிதீன் தோண்டினான். கிணற்றுக்காரன் ஆனபடியால் மணல் சரியாமல் நேர்த்தியாகத் தோண்டினான். கொஞ்ச நேரத்தில் 'டங்' என்று ஒரு சத்தம்.

"சேர்."

"என்ன, ஆளா?"

"ஆளும் இரிக்கு. போத்தலும் இரிக்கு."

சாராயப் போத்தல். மூடி கழலாமல் அப்படியே இருந்தது. வஸ்தியாம்பிள்ளை தலையில் கையை வைத்துக்கொண்டான். இது தச்சன் ஆசீர்வாதம். குடித்தே செத்தவன். கூட்டாளிகள் சுவாமிக்குத் தெரியாமல் பெட்டிக்குள் ஒரு போத்தலை வைத்த கதை ஊரறிந்தது. ஆனால் ஆசீர்வாதத்தைப் புதைத்தது கீழ்வரிசையில். ஓவசியரைப் புதைத்தது மேல்வரிசையில். அந்த மட்டும் அவனுக்கு நிச்சயமாக ஞாபகம் இருக்கிறது.

அப்படியென்றால் குருசு நிற்கும் இடம் பிழை. இதுவரை சந்தேகமாக இருந்தது இப்போது உறுதியாகிவிட்டது.

"அல்லாவே, ஒரு மவுத்துக்கு எத்தன கபுறு தோண்டுற!" காலிதீன் முகத்தைத் துடைத்தான். "குழிய வெட்டிறது பெரிய வேலை இல்ல சேர். ஆளில்லாத இடமாப் பாத்துச் செல்லுங்க."

அந்த நேரம் பார்த்துத்தானா படலையடியில் குடை தெரிய வேண்டும்? மச்சான் அலோசியஸ். மட்டக்களப்பில் பள்ளிக்கூட அதிபர். தகப்பனின் அதே நடை, அதே தொண்டை. பின்னால் சுவாமி அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"என்ன வஸ்தியான், இன்னும் குழி ரெடி இல்லையா? அம்மாவ எவ்வளவு நேரம் வீட்ட வெச்சிருக்கிற?"

ஆசீர்வாதத்தின் மேல் அவசரமாக மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்த காலிதீனை மறைத்துக்கொண்டு வஸ்தியாம்பிள்ளை நின்றான்.

"இல்ல மச்சான். ரெண்டு பக்கமும் தோண்டிப் பாத்தம். தண்ணி ஊறுது. அம்மாவத் தண்ணிக்குள்ள வைக்கிறதா?"

"தண்ணியா?" காலிதீனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "இதுலயா சேர் தண்ணி? என்ட வாப்பா காலத்துல இரிந்து கிணறு தோண்டுறம். இந்த மண்ணுல இந்த ஆழத்துல ஒரு சொட்டு..."

வஸ்தியாம்பிள்ளை அவன் காலை மிதித்தான். காலிதீன் ஒரு கணம் யோசித்தான்.

"ஓம், தண்ணிதான். உப்புத் தண்ணி" என்றான் வெறுப்போடு.

குருசின் கால்மாட்டில் தள்ளி வைப்போம் என்று சொல்ல வஸ்தியாம்பிள்ளை வாயைத் திறந்தான். அலோசியஸ் கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்கு யோசனை வந்துவிட்டது. யோசனை வந்தால் தகப்பனைப்போலவே மற்றவர்களின் வாயை மூடிவிடுவார்.

"அப்ப ஒரு வேலை செய்வம். அப்பாட குழியத் திறப்பம். பத்து வருசமாச்சி, எலும்பு மட்டும்தான் இரிக்கும். அதை எடுத்து வெள்ளத் துணியில கட்டி, அதே குழியில அம்மாவோட வைப்பம். ரெண்டு பேரும் ஒரே குழி. என்ன சுவாமி?"

"கோயில் வழக்கம்தானே" சுவாமியின் கண் கலங்கிவிட்டது. "குடும்பக் குழியைத் திறந்து அப்படி வைக்கிறதுதான். அன்னப்பிள்ளையம்மாவுக்கு இதைவிட வேற என்ன பாக்கியம் வேணும்?"

பக்கத்தில் புதைப்பதென்றால் மாமனார் அங்கே இருக்கிறாரோ இல்லையோ யாரும் பார்க்கப்போவதில்லை. இப்போது ஆளையே எடுத்துக் காட்டு என்கிறார்கள்.

"நீ எலும்பை எடுத்து வை. நான் போய்ப் பெட்டி வேலையப் பாக்கிறன். வீட்ட வந்து நல்ல துணியா ஒண்டு வாங்கிட்டுப் போ." அலோசியஸ் குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

அவர்கள் தலை மறைந்ததும் குருசைப் பிடுங்கிச் சாய்த்து வைத்துவிட்டு அதற்குக் கீழே தோண்டினார்கள். பலகை இல்லை. ஆணி இல்லை. எலும்பு இல்லை. காலிதீன் ஒரு பிடி மணலை அள்ளி முகர்ந்து பார்த்தான்.

"இது கை படாத மண் சேர். இதுக்குள்ள ஒருத்தரும் ஒரு நாளும் படுக்கல்ல."

அப்போதுதான் வஸ்தியாம்பிள்ளைக்கு முழுவதும் உறைத்தது. முன்பின் தெரியாதவனுக்குக்கூட இல்லை. எட்டு வருசமாக மாமி வெறும் மணலுக்கு மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறார்.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தான். பிலோமினாவைத் தனியாகக் கூப்பிட்டு, காலில் விழுந்தாவது சொல்லிவிடுவது. செத்தவீட்டு வாசலில் கால் வைக்க முன்னமே அவள் ஓடிவந்து அவன் நெஞ்சில் விழுந்தாள்.

"இஞ்சருங்க, அண்ணன் சொன்னாரு. அப்பாவும் அம்மாவும் ஒரே குழியாமே! அண்டைக்கு நீங்க மட்டும் அந்த இடத்தை அடையாளம் வெச்சிருக்காட்டி இது நடக்குமா? எங்கட குடும்பத்துக்கு வானத்துச் சம்மனசு மாதிரி வந்தீங்க!"

சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் சம்மனசைப் பார்த்தார்கள். சம்மனசு சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, "வெள்ளத் துணி ஒண்டு வேணும்" என்றது.

மாமியின் தலைமாட்டில் ஸைனம்பு உம்மா இருந்து ஓலை விசிறியால் ஈ விரட்டிக்கொண்டிருந்தார். மருதமுனைக்காரி. நெசவுச் சாரிகளைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வீடு வீடாக விற்க வந்தவர், இந்த வீட்டுக்கு வந்த முதல் நாளே மாமியோடு சிநேகமாகிவிட்டார். அது ஓவசியர் இருந்த காலம். அவர் கந்தோருக்குப் போன பிறகு வந்து, அவர் வருவதற்கு முன்னம் போய்விடுவார். போன வருசம் தமிழரும் முஸ்லிமும் வெட்டிக்கொண்டு திரிந்த நாட்களில்கூட இந்த இரண்டு கிழவிகளும் பேச்சை நிறுத்தவில்லை. மாமி கட்டியிருந்த வெள்ளைச் சாரியும் ஸைனம்பு உம்மா கொண்டுவந்ததுதான்.

"மனே, இஞ்ச வாங்க" ஸைனம்பு உம்மா அவனைக் கூப்பிட்டுக் காதோடு கேட்டார். "ஒரே குழி அது இது எண்டு கதைக்கிறாங்களே. குருசு நிக்கிற அதே இடத்துலதானே தோண்டுறீங்க?"

"ஓம் உம்மா. அதே இடம்தான்."

"வேற இடமில்லையே?"

"இல்ல உம்மா."

"அது காணும். அவக்கு அதுதான் ஆசை." கிழவி விசிறியை மறுபடி அசைக்கத் தொடங்கினார்.

வெள்ளைத் துணியோடு திரும்பி வந்தவனின் முகத்தைப் பார்த்து காலிதீனுக்கே இரக்கம் வந்துவிட்டது.

"சேர், நான் ஒரு கதை செல்லட்டா? கோவிக்கப்படா. எலும்பு எண்டா எலும்புதான். போத்தல்காரர் பக்கத்துலதானே இரிக்காரு. அவர எடுத்துத் துணியில கட்டினா ஆருக்குத் தெரியும்?"

"ஆசீர்வாதத்தையா? மாமிட காலடியிலயா?"

"போத்தல வெளிய எடுத்துட்டுத்தான்."

கள்ளுத்தவறணைக்கு முன்னால் செபமாலை சொல்லிக் கூட்டத்தைக் கலைத்த மாமி. அவரோடு உயிர்த்தெழும் நாள் வரைக்கும் ஆசீர்வாதம். ஆனாலும் சொல்லக் கூசும் உண்மை, வஸ்தியாம்பிள்ளை துணியை விரித்தே விட்டான். காலிதீன் மண்வெட்டியை ஓங்கினான்.

"வேணாம்! நில்!"

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. இருந்து அழுதான். அந்த மனுசி ஒன்றே ஒன்று கேட்டார். தாய் இல்லாமல் வளர்ந்தவனுக்கு, வீடு தேடி வந்த நாளிலிருந்து மீனின் நடுத்துண்டை எடுத்து வைத்த மனுசி. காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் நெற்றியில் ஈரத் துணி போட்ட மனுசி. அவருக்கு ஒரு முடாக்குடியனின் எலும்பைக் கட்டிக் கொடுப்பதா?

"தேடுவம்" என்றான் மூக்கைச் சிந்திக்கொண்டு. "மாமா இதுக்குள்ளதான் எங்கயோ இரிக்காரு. தேடி எடுப்பம்."

"எப்படி சேர் ஆளைத் தெரியும்? எல்லாரும் ஒரே மாதிரித்தானே இரிக்காங்க."

"கால் எலும்புல தகடு இரிக்கும். வாய்க்கால் கட்டுக்குள்ள விழுந்து முறிஞ்சி, கொழும்புல இரும்புத் தகடு வெச்சி ஆணி அடிச்சவங்க."

எங்கே தேடுவது? அவன் எழுந்து நின்று சேமக்காலை முழுவதையும் பார்த்தான். எட்டு வருசத்தில் முதல் தடவையாகப் பயமில்லாமல் பார்த்தான். மேற்கே, மதிலோரம், சூறாவளியில் முறிந்த பனை ஒன்றின் அடிக்குற்றி.

சூறாவளிக்குப் பிறகு அவன் குத்துமதிப்பாகக் குருசை நட்டது அந்தப் பனைக்கு நேராகத்தான்! மாமாவின் அடக்கத்தின்போது நிழலுக்காக அந்தப் பனையடியில் ஒதுங்கியது ஞாபகம் இருந்தது. அதை வைத்துத்தான் நட்டான். அப்படியென்றால் குருசு இவ்வளவு தூரம் எப்படி வந்தது? விழுந்த மதிலைத் திரும்பக் கட்ட வந்த மேசன்மார்! கல்லு அடுக்க இடைஞ்சல் என்று பிடுங்கிக் கண்ட இடத்தில் குத்திவிட்டுப் போயிருப்பான்கள், வேறென்ன?

ஓடினான். பனைக்குற்றிக்கு முன்னால் அடம்பன்கொடி படர்ந்து கிடந்தது. குருசு ஒன்றும் இல்லை. காலிதீன் கிணற்றுக்கு ஊற்றுப் பார்க்கும் கம்பியை இறக்கிப் பார்த்துத் தலையை ஆட்டினான். தோண்டினான். பலகை வந்தது. பிறகு எலும்பு வந்தது. காலிதீன் குனிந்து எதையோ துடைத்தான்.

"சேர், தகடு! ஆணியோட இரிக்கு!"

வஸ்தியாம்பிள்ளை முழங்காலில் விழுந்தான். ஒரு மண்டையோட்டைப் பார்த்து மனுசன் இவ்வளவு சந்தோசப்படலாம் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

"மாமா! நான் சரியாத்தான் நட்டிருக்கன் மாமா!"

"அல்ஹம்துலில்லாஹ்" என்றான் காலிதீன். "இனியாவது ஒரு தேத்தண்ணி குடிக்கலாமா?"

ஓவசியரை ஒரு துண்டு விடாமல் பொறுக்கித் துணியில் கட்டி, குருசடிக் குழிக்குக் கொண்டுபோனார்கள். பனையடிக் குழியை மூடி அடம்பன்கொடியையும் இழுத்துவிட்டார்கள். அலோசியஸ் வந்து மூட்டையைத் தொட்டு, தகடு இருக்கும் எலும்பைக் கண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேச்சு வராமல் நின்றார்.

அடக்கம் நன்றாக நடந்தது. கலகம் கூடிய காலம், மேளம் இல்லை, பாண்ட் இல்லை. ஆனாலும் சனம் வந்தது. சுவாமி பிரசங்கத்தில் இரண்டு தரம் அழுதார். "நாற்பது வருசம் ஒன்றாக வாழ்ந்தவர்கள் இன்றைக்கு மறுபடியும் ஒன்று சேர்கிறார்கள். இனி இவர்களை யாராலும் பிரிக்க முடியாது" என்றார். ஓவசியரின் மூட்டையை மாமியின் காலடியில் வைப்பதா தோளடியில் வைப்பதா என்று ஒரு கணம் பேச்சு வந்தது. "தோளடியில வையுங்க" என்று வஸ்தியாம்பிள்ளைதான் சொன்னான். மாமியின் தோளோடு அணைத்து, அவன் கையாலேயே வைத்தான். குழி நிரம்பியது. குருசை நட்டார்கள். சனம் ஊரடங்குக்குப் பயந்து கலைந்தது.

வஸ்தியாம்பிள்ளைக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. எட்டு வருசப் பாரம் இறங்கிவிட்டது. சத்தியத்தை அவன் காப்பாற்றியது மட்டுமல்ல, கேட்டதற்கு மேலாகவே செய்துவிட்டான். பக்கத்தில் ஓர் இடம் கேட்டார் மாமி. அவன் ஆளையே கொண்டுவந்து தோளில் சேர்த்துவிட்டான்.

படலைக்கு வெளியே பூவரசடியில் ஸைனம்பு உம்மா நின்றார். அடக்கம் நடக்கும்போது உள்ளே வராமல், வெளியே நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சா மனே?"

"முடிஞ்சி உம்மா. நல்லா முடிஞ்சி."

யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. வீட்டில் சொல்ல ஏலாது. இந்தக் கிழவிக்குச் சொல்லலாம். மாமியின் உயிர்ச் சிநேகிதி அல்லவா, சந்தோசப்படுவார். சைக்கிளைப் பூவரசில் சாத்திவிட்டு ஒன்றும் விடாமல் சொன்னான். குருசுக்கடியில் வெறும் மணல் இருந்ததைச் சொன்னான். பனைக்குற்றியைச் சொன்னான். தகட்டைச் சொன்னான். மேசன்மாரைத் திட்டினான்.

"வெறும் மணலுக்குள்ள மாமியத் தனியப் போட்டிருந்தா என்னை எந்தக் கடவுள் மன்னிக்கும் உம்மா? நல்ல வேளை, மாமாவக் கண்டுபிடிச்சி, என்ட இந்தக் கையாலயே கொண்டுவந்து அவட தோளோட சேத்து வெச்சிட்டன்."

ஸைனம்பு உம்மா பூவரசைப் பிடித்துக்கொண்டு மெல்ல மணலில் குந்தினார். தண்ணீர் கேட்கிறாரோ என்று அவன் குனிந்தான்.

"மேசன்மாரா? என்ட மனே, 'நாப்பது வருசம் அந்த மனுசன்ட அடியத் திண்டுக்கிட்டுப் பக்கத்துல படுத்தன், செத்தாவது தனியப் படுக்கோணும்' எண்டு அழுது, அண்டைக்கு நீங்க நட்ட குருசப் புடுங்கி, ஆளில்லாத இடமாப் பாத்து நடுவம் எண்டு என்ட தோள்ல தூக்கி வெச்சதே உங்கட மாமிதானே!"